வாயை மூடிப் பார்த்த ஆட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை என் இஷ்டப்படி வாழ்வது என்று முடிவு செய்தேன். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை. அதற்கு மேல் ஆசைப்படவில்லை. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆனவனுக்கு எட்டு மணி நேரமே பெரிய சுதந்திரம்.

என் பெயர் குழந்தைவேல். நாமக்கல்லில் லாரி உதிரி பாகக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு குணம் உண்டு. யார் எதைச் செய்தாலும் பக்கத்தில் நின்று அதை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுப்பேன். அது எனக்குத் தெரியுமா தெரியாதா என்பது வேறு விஷயம். பல் டாக்டர் என் பல்லைப் பிடுங்கும்போது, இடுக்கியை எந்தப் பக்கம் திருகுவது என்று வாயைத் திறந்தபடியே அவருக்குச் சொன்னவன் நான். அன்று அவர் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். அது என் தப்பில்லை.

திங்கட்கிழமை கடைக்குக் காளிதாஸ் வந்தான். கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை என்ன சோலி?"

"தூங்கறதுதான்."

"சேந்தமங்கலத்துல கோல்ஃப் போட்டி. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும். நாந்தான் நம்ம டீமுக்குக் கேப்டன். பார்க்க வா."

கொல்லிமலை அடிவாரத்தில் குச்சிக்கிழங்கு போட்டிருந்த அறுபது ஏக்கரைப் புல்வெளியாக்கி, ஒன்பது குழி வெட்டி, நம்மூர்க்காரர்கள் சிலர் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நம்பவில்லை. இந்தப் பக்கம் நிலத்தில் குழி போட்டால் ஆயிரம் அடிக்குப் போட்டுத் தண்ணீர் தேடுவார்கள். நாலு அங்குலக் குழி போட்டுப் பந்து தேடுவார்கள் என்று யார் நினைத்தது?

"எப்படி ஆடறது?"

"ஒரு டீமுக்கு நாலு பேரு. மொதல்ல பந்த டீ மேல வெக்கோணும்."

"ஊறிப் போயிடாதா?"

"அது டம்ளர்ல குடிக்கற டீ இல்லடா. குச்சி. அதுமேல பந்த வெச்சு, டிரைவர எடுத்து அடிக்கோணும்."

"நாமக்கல்லுல நின்னுக்கிட்டு டிரைவர அடிக்கற கதைய சொல்லாத. டிரைவர் சங்கம் சும்மா உடுமா?"

காளிதாஸ் பொறுமையாக விளக்கினான். டிரைவர் என்பது பெரிய மட்டை. நாலு பேரும் அடிப்பார்கள். யாருடைய பந்து நல்ல இடத்தில் கிடக்கிறதோ, அங்கிருந்து மறுபடியும் நாலு பேரும் அடிப்பார்கள். இப்படியே போய்ப் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். எந்த அணிக்குக் குறைந்த அடி ஆகிறதோ அந்தக் குழி அவர்களுக்கு.

"யாருக்கு அடி கம்மியோ அவன் ஜெயிக்கறான். இதத்தான் நான் இருவத்தோரு வருஷமா ஊட்டுல ஆடிக்கிட்டு இருக்கறேன்."

"ஒண்ணே ஒண்ணு, மாப்ள. அடிக்கற நேரத்துல யாரும் பேசக் கூடாது. பேசினா வெளிய அனுப்பிடுவாங்க."

"நான் எதுக்குப் பேசறேன்?" என்றேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து செல்போனில் கோல்ஃப் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை எனக்குப் பாதி ஆட்டம் புரிந்தது. புதன்கிழமை காலையில் முழுக்கப் புரிந்துவிட்டது. ஜாக்கி லீவரைக் கோல்ஃப் மட்டையாகப் பிடித்து எப்படிச் சுழற்றுவது என்று கடைக்கு வந்த வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் பிரேக் லைனிங் வாங்க வந்தவர். வாங்காமலே போனார்.

புதன்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். என் மனைவி தனப்பிரியா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கிழமை ராசிபுரத்துல எங்கண்ணன் ஊட்டுல காதுகுத்துங்க. நீங்க வந்தே ஆவோணும்."

ரசம் இலையை விட்டு ஓடியது. என் சுதந்திரமும் கூடவே ஓடியது. கோல்ஃப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லலாம். சொன்னால், சொந்த மச்சான் வீட்டு விசேஷத்தை விட்டுவிட்டு எவனோ பந்தை அடிப்பதைப் பார்க்கப் போனவன் என்று ராசிபுரம் முழுக்கப் பேசும். பொய் சொல்வது என்று தீர்மானித்தேன். வியாபாரி. பொய் ஒன்றும் புதிதில்லை. வீட்டில் சொல்வதுதான் புதிது.

"அடடா, ஞாயித்துக்கிழமையா? மேச்சேரியில ஒரு பழைய லாரியப் பிரிக்கறாங்களே. காத்தால போனாத்தான் நல்ல சாமான் கெடைக்கும்."

"எத்தன சக்கரமுங்க?"

"பத்து."

"யாரு வண்டி?"

"அது... ஒரு கவுண்டர் வண்டி."

"மேச்சேரியில ஒரே ஒரு கவுண்டர்தானுங்களா இருக்கறாரு?"

எனக்கு வியர்த்தது. ரசத்தின் காரம் என்று துண்டால் துடைத்துக்கொண்டேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரிங்க. வியாபாரம் முக்கியம். நீங்க போய்ட்டு வாங்க. நான் டாக்டரம்மா கார்ல போய்க்கறேன்."

டாக்டரம்மா என்றால் அடுத்த தெருவில் இருக்கும் அமுதவல்லி. கால்நடை டாக்டர். ஒரு வருஷமாக இவளும் அவரும் தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போகிறார்கள். நான் எழுந்திருப்பது ஏழரைக்கு. அதனால் அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கையை எப்படி வீசுவது என்று சொல்லிக் கொடுத்திருப்பேன்.

இவ்வளவு சுலபமாக அவள் விட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குச் சந்தோஷமும் சந்தேகமும் ஒரே நேரத்தில் வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். "தொப்பி எடுத்துக்குங்க, வெயிலு மண்டையப் பொளக்கும்" என்று தொப்பியை அவளே எடுத்துக் கொடுத்தாள். மேச்சேரி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போய், வண்டியைத் திருப்பிச் சேந்தமங்கலம் ரோட்டைப் பிடித்தேன். யாரும் பின்னால் வரவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

மைதானத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கொல்லிமலை எதிரே எழுந்து நிற்கிறது. அதன் காலடியில் பச்சைப் பசேலென்று புல். அங்கங்கே கொடி. நூறு பேருக்கு மேல் கூட்டம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து மட்டும் இரண்டு வேன் வந்திருந்தது. என் பக்கத்தில் நின்றவர் அதில் வந்தவர்தான். மயில்சாமி என்றார். ஜவுளிக்கடைக்காரர். கழுத்தில் பைனாகுலர். போன வருஷம் கோப்பை சேலத்துக்குத்தான், இந்த வருஷமும் அப்படித்தான் என்று வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. எட்டு மணிக்கு முன்னால் நான் இவ்வளவு உற்சாகமாக இருந்து பல வருஷம் ஆகிறது.

மைக்கில் பெயர் படித்தார்கள்.

"நாமக்கல் அணி. கேப்டன் காளிதாஸ். அடுத்து, கௌதமன்."

கை தட்டினேன். கௌதமன் காளிதாஸின் தங்கை பையன், என்ஜினீயர்.

"டாக்டர் அமுதவல்லி."

தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. டாக்டரம்மா இங்கே இருந்தால், என் மனைவி யார் காரில் ராசிபுரம் போனாள்? யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பெயர் வந்தது.

"தனப்பிரியா குழந்தைவேல்."

என் பெயரை மைக்கில் சொன்னது இதுதான் முதல் தடவை. அதை ரசிக்கக்கூட எனக்கு நேரமில்லை. பக்கத்தில் இருந்த புங்கமரத்துக்குப் பின்னால் பாய்ந்தேன்.

எட்டிப் பார்த்தேன். அவளேதான். வெள்ளை டீ சர்ட், கறுப்புப் பேண்ட், தொப்பி. தொப்பிக்குப் பின்னால் பின்னல் தொங்கியது. கையில் டிரைவர். நின்றாள். பந்தைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ட்ரக் டயர் வெடித்தது மாதிரி ஒரு சத்தம். பந்து கொல்லிமலையைப் பார்த்துக் கிளம்பிப் போனது. போனது. போய்க்கொண்டே இருந்தது.

"யாருங்க அந்த அம்மா?" மயில்சாமி பைனாகுலரை இறக்காமல் கேட்டார்.

"தெரியாதுங்க."

"அந்தம்மா வீட்டுக்காரர் குடுத்து வெச்சவருங்க."

"அப்படித்தானுங்க தெரியுது."

"அவருதான் சொல்லிக் குடுத்திருப்பாரு."

"இருக்கலாமுங்க" என்றேன். மனசு கேட்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது கோபமில்லை. ஆனந்தம். ஒரு வருஷமாக நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து ஆடியிருக்கிறாள். காதுகுத்து என்று சொல்லிவிட்டு இங்கே நிற்கிறாள். இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தப்பு அவள் பக்கம். ஆட்டம் முடிந்ததும் முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துச் சிரித்தேன். தொப்பியை இறக்கி, துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவிக் கூடவே போனேன்.

மூன்றாவது குழி முடிந்தபோது அந்தக் கேள்வி எனக்கு மறந்துவிட்டது. சேலம் இரண்டு, நாமக்கல் ஒன்று. நகம் கடித்தேன். நாலாவது குழியில் இவள் பந்தைக் கொடிக்கு ஒரு முழம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவதில் சேலத்துக் கேப்டன் ஜீவா அடித்த பந்து வழிமாறி எங்கள் கூட்டத்தைப் பார்த்து வந்தது. அவர் "ஃபோர், ஃபோர்" என்று கத்தினார். நாலு ரன் என்று நினைத்து நான் மட்டும் நின்று கை தட்டினேன். கோல்ஃபில் அதற்கு 'ஒதுங்குங்கள்' என்று அர்த்தமாம். மற்ற எல்லோரும் தரையில் படுத்திருந்தார்கள். பந்து என் தொப்பியைத் தட்டிவிட்டுப் போனது. தலையில் பட்டிருந்தால் இந்தக் கதையை வேறு யாராவதுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆறாவது குழியில் இன்னும் பெரிய ஆபத்து. இவள் அடித்த பந்து உருண்டு வந்து என் மரத்துக்கு மூன்றடி தள்ளி நின்றது. இவள் வந்தாள். நான் துண்டுக்குள் மூச்சை நிறுத்தினேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீடியோவில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. துண்டைக் கடித்தேன்.

"பாக்கறவங்க கொஞ்சம் பின்னால நகந்துக்குங்க" என்றாள், திரும்பாமலே.

நகர்ந்தேன். பழக்கம்.

பந்து இரண்டு மரங்களுக்கு நடுவே புகுந்து குழியைச் சுற்றி வெட்டிவிட்டிருந்த பச்சைப் புல்லில் போய் விழுந்தது. முழங்காலை மடக்காமலே.

எட்டுக் குழி முடிந்தது. நாலுக்கு நாலு. இருந்தது ஒரே ஒரு குழி. இதிலும் சமன் என்றால், போன வருஷம் ஜெயித்த சேலமே கோப்பையை வைத்துக்கொள்ளும். கூட்டம் முழுக்க ஒன்பதாவது குழியைச் சுற்றி வளைத்து நின்றது. இடுப்பு வேட்டி எப்போது மடித்துக் கட்டப்பட்டது என்று எனக்கே தெரியாது.

சேலம் நாலு அடியில் பந்தைப் போட்டது. நாமக்கல் இரண்டு அடியில் கொடிக்குப் பதினைந்து அடி தூரம் வரை வந்துவிட்டது. அடுத்த அடியில் உள்ளே போனால் மூன்று. கோப்பை நமக்கு.

"மூணுல போட்டா அதுக்குப் பேரு பேர்டிங்க. பறவை" என்றார் மயில்சாமி.

"எங்கூர்ல எத்தன லட்சம் பறவை இருக்குதுன்னு தெரியுமுங்களா?" என்றேன்.

நாலு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாய்ப்பு. முதலில் காளிதாஸ் தட்டினான். பந்து பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது. டாக்டரம்மா தட்டியது குழியை எட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போனது. கௌதமனுக்குக் கை நடுங்கியது. பந்து மலைப் பக்கமாக ஒரு முழம் விலகிப் போனது.

எல்லாம் போய், என் மனைவி ஒருத்திதான் மிச்சம்.

அவள் குழியைச் சுற்றி வந்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள். நானும் மரத்துக்குப் பின்னால் குனிந்து தரையைப் பார்த்தேன். எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. தரை மலைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் கௌதமனின் பந்து அங்கே போனது. ரோட்டுப் பக்கமாகத் தள்ளி அடிக்க வேண்டும். அவளுக்குத் தெரியுமா? யார் சொல்வது? கத்தினால் வெளியே அனுப்புவார்கள். மேச்சேரியும் பத்துச் சக்கரமும் அம்பலமாகும். கத்தாவிட்டால் கோப்பை போகும். துண்டை வாய்க்குள் முழுசாகத் திணித்துக்கொண்டேன். கை மட்டும் என் சொல் கேட்கவில்லை. ரோட்டுப் பக்கம், ரோட்டுப் பக்கம் என்று பஸ் கண்டக்டர் மாதிரி அதுபாட்டுக்கு ஆடியது.

அவள் நிமிர்ந்தாள். பந்துக்கு முன்னால் வந்து நின்றாள். மலைப் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். மலைப் பக்கம் போன பந்து, நடுவில் என்ன நினைத்ததோ, மெதுவாக ரோட்டுப் பக்கம் வளைந்தது. வளைந்து, நிதானமாகக் குழியின் விளிம்புக்கு வந்து, ஒரு நொடி நின்று, உள்ளே விழுந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று மயில்சாமிதான் சொல்ல வேண்டும். நான் அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியதாகவும், அவர் பைனாகுலர் என் மூக்கில் இடித்ததாகவும் சொன்னார். மூக்கு வலித்தது உண்மை. என் கண்ணில் தண்ணீர் வந்ததும் உண்மை. அதற்குக் காரணம் மூக்கு இல்லை.

கூட்டம் மைதானத்துக்குள் ஓடியது. நான் வண்டிக்கு ஓடினேன். வீட்டுக்கு முதலில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கேள்வி ஞாபகம் வந்துவிட்டது.

மூன்று மணிக்கு அவள் வந்தாள். பட்டுப் புடவை. தலையில் பூ. காதுகுத்துக்குப் போய் வந்தவள் மாதிரியே இருந்தாள். நான் பேப்பரை மடித்தேன்.

"காதுகுத்து எப்படி நடந்துச்சு?"

"நல்லபடியா நடந்துச்சுங்க."

"குழந்தை அழுதுச்சா?"

"இல்லீங்க. வாயில துண்டக் கவ்விக்கிட்டு, மரத்துக்குப் பின்னால சத்தமில்லாம நின்னுச்சு."

பேப்பர் கீழே விழுந்தது.

"நீ என்னையப் பார்த்தியா?"

"மைக்குல பேரு சொன்னப்பவேங்க. அந்தப் புங்கமரம் அரையடி அகலம். நீங்க ரெண்டடி."

"அப்ப ராசிபுரம் காதுகுத்து?"

"அது அடுத்த ஞாயித்துக்கிழமைங்க. எந்த ஞாயித்துக்கிழமைன்னு நீங்க கேக்கவே இல்லியே."

நான் விடவில்லை. "ஒரு வருஷமா நடக்கப் போறேன்னு சொன்ன?"

"நடக்கத்தானுங்க போனேன். அந்த ஒம்பது குழியவும் நீங்க ஒரு தடவ நடந்து பாருங்க. நடுவுல நாலு அடி அடிச்சுக்குவோம், அவ்வளவுதான்."

"டாக்டரம்மா கார்ல போறேன்னு..."

"டாக்டரம்மா கார்லதானுங்களே போனேன்."

மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் பொய் சொன்னது ஒரே ஒரு ஆள். மேச்சேரியில் லாரி பிரிக்கப் போன ஆள்.

"காளிதாஸு?"

"நாந்தானுங்க உங்களக் கூப்பிடச் சொல்லி அனுப்பினேன்."

"அட, நேரா என்னையக் கூப்பிட்டா வந்திருக்க மாட்டனா?"

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தி ஷட்டில் ஆடப் போனேன். ஞாபகம் இருக்குதுங்களா? ரெண்டாவது நாளே பேட்டத் தூக்கிப் பரண்ல போட்டேன். ஏன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. பக்கத்துல நின்னு ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக் குடுத்தீங்க. எனக்குக் கையே ஓடல. ஆனா இன்னிக்கு நீங்க பார்க்கோணும்னு ஆசையா இருந்துச்சுங்க. நேரா வந்தா பேசுவீங்க. பொய் சொல்லிட்டு வந்தா ஒளிஞ்சுக்கிட்டு வாயத் தொறக்க மாட்டீங்க. அதான் இப்படி."

அவளுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. கடைசியில், "நல்லா ஆடின, தனம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் முகம் மலர்ந்தது. நாமக்கல் முழுக்க மலர்ந்தது மாதிரி எனக்கு இருந்தது.

"அடுத்த மாசம் கோயமுத்தூர்ல ஆட்டமுங்க. நீங்க வந்தே ஆவோணும்."

நெஞ்சு நிமிர்ந்தது. "ஒளியாமயே வரலாமா?"

"ஒளிய வேண்டாமுங்க. நல்லாத் தெரியற மாதிரி முன்னாலயே நில்லுங்க."

"பாத்தியா, நான் இல்லாம உனக்கு முடியலீல்ல?"

"ஆமாங்க. கடைசிக் குழியில எந்தப் பக்கம் அடிக்கறதுன்னு தெரியாமத்தான் நின்னேன். நீங்க ரோட்டுப் பக்கம் கையக் காட்டினீங்க. அப்புறந்தான் மலைப் பக்கம்னு தைரியமா அடிச்சேன்."